தங்க வயலில் இரண்டு பேருக்குச் சாப்பாடு

தங்க வயலுக்குப் போகிறவர்கள் வேலை தேடிப் போவார்கள், இல்லையென்றால் வேடிக்கை பார்க்கப் போவார்கள். நான் சாப்பிடப் போனேன். இதைச் சொன்னால் வேலூரில் சிரிக்கிறார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், போய் வந்தவள் நான்.

என் வீட்டுக்காரர் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர். தங்க வயலில் இருக்கும் மாரிக்குப்பத்துக் கோயிலில் ஆர்மோனியத்தின் துருத்தித் தோலை எலி தின்றுவிட்டது, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குள் அதைப் பாட வைக்க வேண்டும் என்று அங்கிருந்து அழைப்பு வந்தது. நானும் வருகிறேன் என்றேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மாமியார் முறத்தை நிறுத்தாமலே கேட்டார். "அந்தப் பொட்டிக்கு நீ இன்னாடி பண்ணப் போற? குந்திகினு ஊதப் போறியா?"

"மின்சார வெளக்கு பாக்கப் போறேன் அத்தை. அங்க வந்துட்டுதாம். எண்ணெயும் இல்லியாம், திரியும் இல்லியாம்."

இது பாதி உண்மை. மீதி உண்மையை ரயில் கிளம்பிய பிறகு இவரிடம் சொன்னேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. இந்த ஆறு வருஷத்தில் நானும் இவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டதில்லை. எங்கள் வீட்டில் இவரும் இரண்டு கொழுந்தன்மாரும் முதலில் உட்காருவார்கள். நான் பரிமாறுவேன். அவர்கள் கை கழுவி வெளியே போன பிறகு நான், எனக்கும் பிறகு மாமியார். கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். வீட்டிலுமா?

"இந்தப் பயணத்துல ஒரு வேளையாவது நாம ரெண்டு பேரும் பக்கத்துல குந்தி சாப்பிடணும். வேற யாராவது பரிமாறணும். நான் கரண்டியத் தொட மாட்டேன்" என்றேன்.

இவர் சிரித்தார். "அவ்ளோதானா? தங்க வயல்ல கடைக்கா பஞ்சம்? வேளைக்கு ஒண்ணா குந்தலாம் வா."

கடைக்குப் பஞ்சமில்லைதான்.

மைசூர் சீமை எங்களுக்கு வெளிநாடு. பிளேக் காலம் என்பதால் எல்லை தாண்டியதும் எல்லோரையும் இறக்கி வரிசையாக நிற்க வைத்தார்கள். பெண்களைத் திரைக்குப் பின்னால் ஒரு நர்ஸம்மாள் பார்த்தாள். என் கழுத்தைத் தடவி, கையைப் பிடித்து நாடி பார்த்து, "பயமா இருக்கா? ரொம்ப வேகமா அடிக்குதே" என்றாள். சந்தோஷத்தில் நாடி வேகமாக அடிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலும்.

மாரிக்குப்பத்தில் இறங்கியபோது மாலை. வேலூரில் விசிறி இல்லாமல் உட்கார முடியாத மாதம் அது. இங்கே காற்று சிலுசிலுவென்று வந்து முந்தானையைப் பிடுங்கியது. இறங்கியதுமே பசித்தது. அதைவிட ஆச்சரியம் சத்தம். எங்கோ இரும்பு உலக்கைகள் கல்லை இடித்துக்கொண்டே இருக்கின்றன. ராத்திரியும் நிறுத்துவதில்லையாம். அதனால் இந்த ஊரில் எல்லோரும் கத்திப் பேசுகிறார்கள். ரகசியம் பேசுகிறவர்கள்கூடக் கத்தித்தான் பேசுகிறார்கள். முதல் நாள் யாரோ சண்டை போடுகிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு பெண்கள் சௌக்கியம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கும் பார்த்தேன். இருட்டும் நேரத்தில் கம்பத்து உச்சியில் திடீரென்று பூத்தது. ஏற்றிவைக்க ஆளும் இல்லை, ஏணியும் இல்லை. "அத்தைக்குச் சொல்ல ஒண்ணு கெடச்சுது" என்றார் இவர்.

நாங்கள் தங்கியது இஸ்ரவேல் அண்ணன் வீட்டில். இவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், இப்போது சுரங்கத்தில் டைம்கீப்பர், யார் எப்போது இறங்கினார்கள், எப்போது ஏறினார்கள் என்று பார்க்கும் வேலை. அவர் மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். வீட்டில் அடுப்பு இருந்தது, விறகு இருந்தது, சட்டி பானை எல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம். ஒரு மாதமாகக் கடைச் சோறு தின்கிற மனிதர்.

"தங்கச்சி, அரிசி எடுத்தாரட்டுமா?"

"அண்ணே, அடுப்பு மூட்டினா நான் பரிமாறுவேன், நீங்க ரெண்டு பேரும் சாப்பிடுவீங்க. அதுக்கு வேலூரே போதுமே."

பாவம், வெளிச்சம் அணைந்துவிட்டது. ஆனால் நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். தோசைக்கு ஒரு கடை, கத்திரிக்காய்க்கு ஒரு கடை, துரைமார் தின்பதைத் தின்ன ஒரு கடை. எல்லாம் சொன்னார். பெண்பிள்ளை எங்கே உட்காரலாம் என்பதை மட்டும் அவர் யோசித்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கடைத்தெருவில் இருந்த காப்பி கிளப்புக்குப் போனோம். வாசனை தெருமுனையிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் காப்பி என்பது காய்ச்சலுக்குப் பிறகு கொடுக்கும் சங்கதி. இங்கே கூலிக்காரர்கள் வேலைக்குப் போகும் வழியில் நின்று குடிக்கிறார்கள். வாசலில் இருந்த ஐயர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே அவர்கள் ஜாதிக்கு மட்டும், மற்றவர்களுக்குப் பின்பக்கத்து ஜன்னல், பெண்களுக்கு ஜன்னலும் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னால் வலிக்காது என்று நினைக்கிறார்கள்.

இவர் ஜன்னலுக்குப் போய் ஆறு தோசை வாங்கி வந்தார். புளியமரத்தடியில் நின்றபடி தின்றோம். தோசை மொறுமொறுவென்று இருந்தது. மிளகாய்ப்பொடியில் எள் வறுத்துப் போட்டிருந்தார்கள்.

"பாத்தியா, ஒண்ணா சாப்பிட்டாச்சு" என்றார்.

"மாடும்தான் மரத்தடியில நின்னுகினு ஒண்ணா சாப்பிடுது. இது கணக்கில்ல."

மத்தியானம் பங்காரம்மாள் சோற்றுக்கடை. அவள் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரி, கணவன் இல்லாதவள், தனியாகக் கடை நடத்துகிறாள். எங்களைப் பார்த்ததும் தெலுங்கில் சொன்னாள், "வாருங்கள் வாருங்கள், பெண்களுக்கும் இடம் இருக்கிறது." எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. உள்ளே போனால் நடுவில் ஒரு ஓலைத் தட்டி. அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். அதிலும் ஆண்களுக்குப் பரிமாறி முடித்துவிட்டுத்தான் அவள் இந்தப் பக்கம் வருவாளாம்.

எண்ணெய்க் கத்திரிக்காய் வரும்போது இவர் தட்டிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். ஊர் வழக்கப்படி கத்தித்தான். "ரெபேக்கா, கத்திரிக்கா வந்துதா?"

"இன்னும் வரல."

"வந்தா விடாத, இன்னொண்ணு கேளு."

இவர் மோருக்கு வந்தபோது எனக்குப் பருப்பு வந்தது. இவர் தட்டியின் ஓலையை விலக்கி ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தார். பங்காரம்மாள் கரண்டியால் தட்டியில் ஓங்கி அடித்தாள். "உன் பெண்டாட்டிதானே, வீட்டில் போய்ப் பார்!" என்று அவள் சொன்னதற்கு இரண்டு பக்கமும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்திரிக்காய் உண்மையிலேயே நன்றாக இருந்தது, இரண்டு முறை கேட்டேன். ஆனாலும் தட்டி தட்டிதான்.

சாயங்காலம் ஊர் சுற்றியதில் ஒரு வம்பு. தங்கக் கல்லை இடிக்கிற மில்லின் வேலியோரம் நடந்துகொண்டிருந்தோம். இவர் தோளில் எப்போதும் கருவிப் பை தொங்கும். காவல்காரன் நிறுத்தித் திறக்கச் சொன்னான். உள்ளே ஆர்மோனியத்து ரீடுகள், சுத்தமாகத் துலக்கிய பித்தளைத் தகடுகள், மஞ்சளாக மின்னின. தங்கம் திருட்டுப் போகிற ஊரில் மஞ்சளாக எதையாவது பையில் வைத்துக்கொண்டு சுற்றலாமா? அவன் விசில் ஊத, இன்னும் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். இவர் ஒரு ரீடை எடுத்து உதட்டில் வைத்து ஊதினார். 'ஙீ' என்றது. இன்னொன்றை ஊதினார், அது வேறு சுருதியில் 'ஙீ' என்றது. மூன்றாவதை அந்தக் காவல்காரனே வாங்கி ஊதிப் பார்த்தான். அப்புறம் மற்ற இருவருக்கும் ஆளுக்கொன்று வேண்டியிருந்தது. வேலியோரம் ஒரு சின்னக் கச்சேரியே நடந்தது. நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமைதான் கசப்பு.

இஸ்ரவேல் அண்ணன் சொன்ன மூன்றாவது கடை சின்னப்பன் என்கிற பழைய பட்லருடையது. சுரங்க வேலைக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கார்ன்வால் துரைமாருக்கு வருஷக்கணக்கில் சமைத்துவிட்டு இப்போது சொந்தமாக ரொட்டிக் கடை வைத்திருக்கிறார். அங்கே மேஜை இருந்தது. ஒரு நீளப் பெஞ்சு இருந்தது. நடுவில் தட்டி கிட்டி ஒன்றும் இல்லை.

"குந்துங்கம்மா, ரெண்டு பேரும் குந்துங்க. எங்க துரைங்க துரைசானிங்கள பக்கத்துல வெச்சிகினுதான் சாப்பிடுவாங்க. நமக்கு மட்டும் இன்னா வந்துது?" என்று துண்டால் பெஞ்சைத் தட்டினார்.

உட்கார்ந்தேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முழங்கை என் முழங்கையில் பட்டது. கல்யாணத்தன்று கோயிலில் நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை.

சின்னப்பன் இரண்டு பாஸ்டி கொண்டு வந்து வைத்தார். சோமாசியைப் பெரிதாக்கி, உள்ளே பூரணத்துக்குப் பதில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து அடுப்பில் சுட்டால் எப்படியோ, அப்படி. துரைமார் அதைக் குழிக்குள் எடுத்துப் போவார்களாம். அழுக்குக் கையால் ஓரத்தைப் பிடித்துத் தின்றுவிட்டு, பிடித்த ஓரத்தை எறிந்துவிடுவார்களாம். "நான் உள்ள மொளகும் சோம்பும் அரைச்சி வெக்கிறேன். அதுக்கப்புறம் ஓரத்தையும் எறியறதில்ல" என்றார் சின்னப்பன்.

நான் பாஸ்டியைக் கையில் எடுத்தேன். அதே நேரம் வாசலில் நிழல். சபை மூப்பர் தேவசகாயம், சுரங்க ஆபீஸில் பெரிய கிளார்க், மறுநாள் கோயிலில் திருவிருந்துக்கு ரொட்டி சொல்ல வந்திருந்தார். ஆர்மோனியத்துக்கு ஆள் அனுப்பியவரும் அவர்தான்.

என் வீட்டுக்காரர் தேள் கொட்டியது போலத் துள்ளி எழுந்தார். "ஸ்தோத்திரம் ஐயா. இல்ல, வந்து, இவங்களுக்கு வாங்கிக் குடுக்கலாம்னு வந்தேன். நான் சும்மா நின்னுகினு இருந்தேன்."

நின்றுகொண்டிருந்தாராம்! மூப்பர் மேஜையில் இருந்த இரண்டாவது பாஸ்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருமினார். இவர் கோயிலில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு மூப்பருக்கு முன்னால் வெளியே போய்விட்டார்.

ஐயரும் பங்காரம்மாளும் என்னைப் பிரித்து உட்கார வைத்தபோது எனக்குச் சிரிக்க முடிந்தது. அவர்கள் யாரோ. இப்போது எழுந்து போனவர் இவர். என்னோடு உட்கார்ந்திருந்ததை ஒரு குற்றம் மாதிரி ஒளித்தாரே என்று அழுகை வந்தது. அழவில்லை. என் பாஸ்டியைத் தின்றேன். இவருடையதையும் தின்றேன். இரண்டும் நன்றாக இருந்ததுதான் இன்னும் கோபமாக இருந்தது.

அன்று முழுவதும் நான் இவரோடு பேசவில்லை. கோயிலில் இவர் ஆர்மோனியத்தைப் பிரித்துப் போட்டுத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தார். வழக்கமாகச் சுருதி சரியா என்று என்னைத்தான் கேட்பார், என் காதுக்கு அவ்வளவு மதிப்பு. ஒரு கட்டையை அழுத்திவிட்டு, "இது சரியா கீதா?" என்றார். "நின்னுகினு கேட்டாத் தெரியல" என்றேன். தலையைக் குனிந்துகொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் அருமையாகப் பாடியது. மூன்று மாதமாக வெறும் வாயால் பாடிய சபை, அன்று கூரை பறக்கப் பாடியது. மில்லின் இடி சத்தத்துக்கு மேல் பாடிப் பழகிய தொண்டைகள். என் கோபத்தையும் மீறி எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆராதனை முடிந்து மூப்பர் வீட்டில் எங்களுக்கு விருந்து. எங்களுக்கு என்றால் இவருக்கு. கோழிக் குழம்பு, சேமியாப் பாயசம், எல்லாம் இருந்தது. ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் பின்கட்டில் மற்றப் பெண்களோடு நின்றேன். மூப்பரின் மனைவி தங்கமானவள், ஓடியாடி வியர்த்துப் போயிருந்தாள். என்னிடம் வந்து, "அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க, கை போதல. இந்த ரசத்தைக் கொஞ்சம் விட்டுட்டு வர்றீங்களா?" என்று வாளியைக் கையில் கொடுத்தாள்.

வேலூரிலிருந்து ரயிலேறி, பிளேக் பரிசோதனை தாண்டி, மைசூர் சீமைக்கு வந்து, நான் ரசம் பரிமாறினேன். வரிசையில் இவர் இலைக்கு வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். என் கையில் கரண்டியைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "போதும்" என்று இலைக்கு மேல் கையை நீட்டினார். பாயசம் பைத்தியமான மனிதர், அன்று பாயசம் தொடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் எழுப்பினார். ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. "வா, ஒரு எடம் கீது. ராத்திரி இஸ்ரவேலக் கேட்டேன், சொன்னான்" என்றார். எனக்கு வாய் திறக்க மனமில்லை. ஆனால் பசித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார், நான் பின்னால்.

மைசூர் மைன்ஸ் பக்கம், ஆட்கள் குழிக்குள் இறங்கும் ஒரு ஷாப்டுக்கு எதிரே தகரக் கொட்டகை. நடத்துகிறவள் முனியம்மாள், எங்கள் ஆற்காட்டுப் பக்கத்துப் பேச்சு. பெரிய அண்டாவில் கேழ்வரகுக் களி, பக்கத்தில் அவரைக்கொட்டைக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. தரையில் நீளமாகக் கோணி விரித்து வரிசையாக ஆட்கள். குழிக்குள் வெளிச்சத்துக்காகத் தொப்பியில் களிமண்ணை அப்பி அதில் மெழுகுவத்தியைக் குத்தி வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் ஆளுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முனியம்மாள் இவர் பையையும், புதுமுகத்தையும், பின்னால் நின்ற என்னையும் பார்த்து, தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"வா ராசா, குந்து. நீ இன்னாம்மா நின்னுகினு கீற? அவன் பக்கத்துல போய்க் குந்து. குழிக்குப் போறவன் தனியாத் துன்னக் கூடாது. கூட வந்தவங்க பக்கத்துல குந்தி ரெண்டு வாயாவது துன்னணும். இங்க அதான் வழக்கம்."

உட்கார்ந்தேன். எங்கள் முன்னால் தட்டு வந்து விழுந்தது. எனக்கு இடது பக்கம் சின்னஞ்சிறு பெண் ஒருத்தி, அவளுக்கு அப்பால் அவள் புருஷன். அவள் களியைக் கிள்ளி வாயில் போட்டபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசிக்குச் சாப்பிடுகிற சாப்பாடு இல்லை அது. நான் ஒரு ஆசைக்காக, ஒரு பிடிவாதத்துக்காக நாலு நாளாக ஊர் முழுக்கத் தேடியதை, இவள் தினமும் பயத்தில் செய்கிறாள். இந்த இடத்தில் நாங்கள் பொய்யாக உட்கார்ந்திருக்கிறோம் என்று பட்டது.

இவருக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும். "அம்மா, நான் குழிக்குப் போறவன் இல்ல" என்றார். "ஆர்மோனியம் ரிப்பேர் பண்ண வந்தவன்."

முனியம்மாள் கரண்டியை நிறுத்தினாள். "அடக் கடவுளே. அப்போ நீங்க அடுத்த வரிசை. ஷிப்டு போற ஜனங்க மொதல்ல துன்னுட்டு எழுந்திருக்கட்டும். ஆம்பளைங்க அப்பால குந்துங்க, அந்தம்மா பொறவு துன்னட்டும்."

நான் பழக்கத்தில் எழுந்துவிட்டேன். இவர் என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார்.

"ரெண்டு பேரும் வெளிய காத்துகினு கீறோம். எடம் வரும்போது ரெண்டு பேருக்கும் பக்கத்துல போடுங்க. இவ தனியாத் துன்ன மாட்டா. நானும் துன்ன மாட்டேன்."

சின்னப் பெண்ணின் புருஷன் திரும்பிப் பார்த்தான். "எதுக்குக் காத்திருக்கணும்? குந்தட்டும் ஆயா. நாங்க நவுந்துக்கறோம்" என்று இடுப்பால் வரிசையையே இடித்துத் தள்ளினான். வரிசை முழுக்க முணுமுணுத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நகர்ந்தது. முனியம்மாள் மறுபடி கரண்டியைக் கையில் எடுத்தாள். "பசிக்கு எந்த ஷிப்டு? குந்துங்க" என்றாள்.

மறுபடி உட்கார்ந்தோம், இவர் ஒரு வாய் எடுத்துப் போட்டார். அப்போதுதான் மூப்பர் தேவசகாயம் ஆபீஸுக்குப் போகிற வழியில் கொட்டகையைக் கடந்தார். கடந்தவர் இரண்டடி பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி சாலமோன், இங்கியா?"

என் கை தட்டிலேயே நின்றது. இவர் எழுந்திருப்பார் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

இவர் வாயில் இருந்த களியை நிதானமாக விழுங்கினார். "ஸ்தோத்திரம் ஐயா. நானும் என் சம்சாரமும் சாப்பிட்டுகினு கீறோம். வாங்க, நீங்களும் குந்துங்க. குழம்பு நல்லா கீது."

மூப்பர் இருமினார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு பெரிய உருண்டையைக் குழம்பில் புரட்டி அப்படியே வாயில் போட்டுவிட்டேன். அண்டாவிலிருந்து அப்போதுதான் இறக்கிய களி. வாய் வெந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆறு வருஷமாக ஆறிப்போனதையே சாப்பிடுகிறவளுக்கு ஊதிச் சாப்பிடுகிற பழக்கம் விட்டுப் போயிருந்தது. "ஊதித் துன்னுடி" என்று இவர் சிரித்து, என் தட்டில் இருந்த களியைத் தன் விரலால் கிள்ளிக் கிள்ளி ஆற வைத்தார். பக்கத்துச் சின்னப் பெண்ணும் சிரித்துவிட்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவள் புருஷனும் சிரித்தான்.

சங்கு ஊதியது. வரிசை எழுந்தது. அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஆட்களைக் குழிக்குள் இறக்கும் கூண்டுப் பக்கம் போனான். அவள் எழுந்திருக்கவில்லை. கூண்டு இறங்கும் சத்தம் கேட்கும்வரை உட்கார்ந்திருந்து, தட்டில் மீதி இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தாள். நாங்களும் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தோம். எழுந்தபோது, "அடுத்த தபா வந்தா நம்ம ஊட்டுக்கு வாங்க, ரெண்டு பேரும்" என்றாள். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

வேலூருக்குத் திரும்பியது மறுநாள் மத்தியானம். வழியில் மழை பிடித்துக்கொண்டு ஜட்காவின் சக்கரம் சேற்றில் இறங்கியதில் வீடு சேரும்போது எங்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. கொழுந்தன்மார் வேலைக்குப் போயிருந்தார்கள். மாமியார் மட்டும் இருந்தார். குளித்து வருவதற்குள் சோறு வடித்து, கூடத்தில் இவருக்கு ஒரு தட்டு வைத்திருந்தார். நான் வழக்கம்போலக் குழம்புச் சட்டியை எடுக்கப் போனேன்.

"அம்மா, அவளுக்கும் ஒரு தட்டு போடு" என்றார் இவர்.

மாமியாருக்குப் புரியவில்லை. "அவ பொறவு துன்னுவாடா."

"இல்லம்மா. அவ குந்தினாத்தான் நான் கை வெப்பேன்."

மாமியார் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டு வந்தாய் என்கிற பார்வை. நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மாமியார் உள்ளே போனார். தட்டு ஒன்றை எடுத்து வந்து இவர் பக்கத்தில் வைத்தார். நான் உட்கார்ந்தேன். பிறகு சோற்றுப் பானையையும் குழம்புச் சட்டியையும் தூக்கி வந்து எங்கள் நடுவில், எல்லோருக்கும் கை எட்டும்படி இறக்கினார். மறுபடி உள்ளே போய், இன்னொரு தட்டோடு திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஒங்க மாமனாரு கூட நான் ஒரு நாளும் குந்தினதில்ல" என்றார். "கொஞ்சம் தள்ளிக் குந்து."